ஜெரோம் வாசித்த நாடகக்காரர்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடோனில், அந்த இரைச்சலில், காலமெல்லாம் நின்றவர்களுக்குக் காது போவது புதிதில்லை. ஜெரோமுக்கும் போனது. சத்தம் கேட்கும், சொல் கேட்காது. பஸ் ஹாரன் கேட்கும், மேளம் கேட்கும். பக்கத்தில் நின்று ஒருவர் பேசினால் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். காது மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். அது இரைச்சலைத்தான் பெரிதாக்கியது.

மனைவி செசிலி இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவள் அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரிய மெதுவாகச் சொல்வாள். ஊர்க்கதை முழுக்க அப்படித்தான் அவருக்கு வந்து சேரும். மஞ்சள் காமாலையில் அவள் போன பிறகு ஊரே வாயை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகள் இனியா தினமும் செல்லுக்கு ‘சாப்டியாப்பா’ என்று அனுப்புவாள். ‘சாப்டேன் கண்ணு’ என்று இவர் அனுப்புவார். அதற்குமேல் என்ன எழுதுவதென்று இருவருக்கும் தெரியாது.

டிவியில் வாயசைவை மட்டும் பார்த்துச் சலித்துப்போய்த்தான் ஒரு லீவு நாளில் நூலகத்துக்குப் போனார். கைக்கு வந்த தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். நூலகர் ரங்கராஜ் தெரிந்தவர். அட்டையைத் தட்டிக் காட்டி வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

“நாடகம் எழுதுனவரோட வாழ்க்கை வரலாறுங்கண்ணா. இத்தப்பெருசு! படிச்சுருவீங்களா?”

“வேலை முடிஞ்சா ஊட்டுல சும்மாதானுங்க உக்காந்திருக்கறேன்.”

குத்தாலம் சிவநேசன் என்ற அந்த நாடகாசிரியரின் பெயரை எப்போதோ கேள்விப்பட்டதோடு சரி. ஒரு நாடகமும் பார்த்ததில்லை. படிக்கப் படிக்க மனிதர் நெருங்கி வந்தார். பஸ் ஸ்டாண்டில் சனங்கள் சண்டை போடுவதைக் கேட்பதற்கென்றே தன் பஸ்ஸை விட்டுவிடுவாராம். எழுதிய வசனத்தைச் சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று, வீட்டு விஷயம்போலச் சொல்லிப் பார்ப்பாராம். உள்ளேயிருந்து மனைவி பதில் சொன்னால் அந்த வசனம் நிற்கும், சொல்லாவிட்டால் அதை அடித்து நீக்கிவிடுவார். மனைவி இறந்த பிறகு வெகுகாலம் ஒரு வரியும் எழுதவில்லை என்ற இடத்தில் ஜெரோம் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. டீக்கடையில் ஆரம்பித்தார். தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டே நகர்ந்துபோனார்கள்.

மனைவி இறந்து வெகுகாலம் கழித்துச் சிவநேசன் கடைசியாக எழுதிய ஒரே நாடகத்தைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் போடுவதாகப் பேப்பரில் வந்தது. போவதாக மகளுக்கு எழுதினார். ‘காது கேக்காம எதுக்குப்பா?’ என்று பதில் வந்தது. அவள் வருத்தப்படுத்த எழுதவில்லை என்பது தெரியும். இருந்தாலும் பதில் அனுப்பவில்லை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்.

முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் பேசினார்கள், பேசினார்கள். சனங்கள் சிரித்தபோது இவரும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். பாதியில் எழுந்துபோய்விடலாமா என்றிருந்தது.

அப்போது கிழவர் ஒருவர் மேடையில் ஒரு வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். உள்பக்கம் பார்த்து வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வெறுமனே நின்றார். ஜெரோம் திரும்பிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஒருவர்கூட இருமவில்லை. சொல்லே இல்லாமல் தனக்குக் கேட்பதைத்தான் இப்போது அரங்கம் முழுக்கக் கேட்கிறது என்பது விளங்க, அவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

பிறகு கிழவரின் உதடு லேசாக அசைந்தது. விளக்கு அணைந்தது.

“என்னங்க சொன்னாரு?” பக்கத்திலிருந்த பெண்மணியிடம் கேட்டார். ஜெரோமின் குரலுக்கு முன்வரிசையே திரும்பியது.

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, அவர் பக்கம் முழுசாகத் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்: “வந்துட்டேன்... அப்படின்னாருங்க.”

“உள்ள ஆளில்லீங்களே?”

“இல்லீங்க.”

கதவுக்கு வெளியே நின்று பேசிப் பார்த்த மனிதரைப் பற்றி அவளிடம் சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. “வாரனுங்க” என்று கைகூப்பிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

மறுநாள் குடோனில் பக்கத்துத் தறியில் சின்னான் நின்றான். அந்த இரைச்சலில் அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். ஜெரோம் கையை ஆட்டி அவனைக் கூப்பிட்டு, மேடைக் கிழவரைப்போல் இல்லாத பூட்டைத் திறந்தார், செருப்பைக் கழற்றினார், உள்பக்கம் பார்த்து நின்றார். சின்னான் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, ‘அப்புறம்?’ என்று விரலைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து அவன் தறியில் நூல் அறுந்தது. அவன் குனிந்து இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடத் தொடங்கினான். ‘வந்துட்டேன்’ என்று காட்டத் தூக்கிய கையோடு ஜெரோம் காத்திருந்தார். முடிச்சு முடிந்ததும் சின்னான் தறியை ஓட்டிவிட்டு, அந்தப் பக்கமிருந்த அடுத்த தறிக்குப் போய்விட்டான்.