என் மகளுக்குப் போட்ட எண்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் நானும் என் கணவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ஒரே ஷிப்டில் அல்ல. எங்கள் மகளுக்கு எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரும். எங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மட்டும் எதிர்வீட்டு அக்கா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். வேலைக்கு உள்ளே போகிறவர், முடித்து வெளியே வருகிறவரிடம் கேட்டருகே வீட்டுச் சாவியைக் கொடுப்பது வழக்கம். மாற்றுச் சாவி செய்துகொள்ளலாம்தான். செய்யவில்லை. நாங்கள் இரண்டு வார்த்தை நின்று பேசுவதே அந்தச் சாவியை வைத்துத்தான்.

போன வருடம் ஷிப்ட் அட்டவணை போடும் வேலையை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். குவாண்டம் கணினியாம். எங்கோ வெளிநாட்டில் கடுங்குளிரில் வைத்திருக்கும் இயந்திரம், இங்கே யார் எப்போது வர வேண்டும் என்று சொல்லுமாம். கேன்டீனில் ஃபேன் ஓடவில்லை, இதற்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று முணுமுணுத்தேன்.

முதல் அட்டவணை பலகையில் ஒட்டப்பட்டது. எங்கள் இருவருக்கும் வாரம் முழுக்கக் காலை ஷிப்ட்.

அந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண்ணிடம் நேரே போய்ச் சண்டை பிடித்தேன். "எங்க ரெண்டு பேருக்கும் வேற வேற ஷிப்ட்டுன்னு சொல்லிக்கினே கீறோமே, உன் மிஷினுக்குக் காது கேக்காதா?"

அவள் மழுப்பவில்லை. "சொன்னோம்க்கா. ஆனா இதுல விதின்னு தனியா இல்ல. மீறினா இவ்வளவு அபராதம்னு ஒரு எண்ணாத்தான் குடுப்போம். மொத்தத்துல லாபம்னா, அபராதத்தை ஏத்துக்கிட்டு மீறிடும்."

"எம்பொண்ணுக்கு எவ்ளோ போட்ட?"

"நாலு." குரல் இறங்கிவிட்டது. "ஃபேக்டரி மெஷின் சும்மா நின்னா பத்து. நீங்க சொல்லுங்கக்கா, எவ்வளவு போடணும்?"

எந்தத் தாய் அந்த எண்ணைச் சொல்வாள்? "நம்பரே வேணாம்மா" என்றேன்.

எங்களைக் கணக்கிலிருந்தே வெளியே எடுத்துவிட்டாள். எனக்கு எப்போதும் காலை, அவருக்கு எப்போதும் மாலை. மிச்சப் பேரை வைத்து இயந்திரம் யோசித்துக்கொள்ளட்டும். நிம்மதியாக இருந்தது. இனி இது மாறவே மாறாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மாலை ஷிப்டுக்கு வந்த கணவர், கேட்டில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அந்த சார்ட்டப் பாத்ததும் மொதல்ல எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? ரெண்டு பேரும் ஒண்ணா கம்பெனி பஸ்ல குந்திக்கினு வரலாம்னு. அப்பறந்தான் புள்ள நெனப்பே வந்துச்சு." கண்கள் கலங்கியிருந்தன.

சாவியை வாங்கிக்கொண்டேன். "எனக்குந்தான்" என்றேன்.