மணிக்கட்டில் வெள்ளை நூல்

உபோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்கும் நர்ஸ் சவீவன், முன்கோபக்காரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த விவசாயி பூன்மீக்கு வயல்சேற்றுக் கிருமி ரத்தத்தில் ஏறி, ரத்தம் உறைவதே நின்றிருந்தது. உயிர் ஓடிவிடக் கூடாதென்று அவ்வூர் வழக்கப்படி மனைவி தொங்பை அவன் மணிக்கட்டில் இறுகக் கட்டிய வெள்ளை நூல், வீங்கிய தோலை அறுத்ததில் ரத்தம் கசிந்தது.

சவீவன் கத்தரியை எடுத்ததும் தொங்பை தட்டிவிட்டாள். "வெட்டினா உசிரு போயிரும். ஒழுகுறது பத்தாதுன்னு உனக்கு வேற ஒரு குழாய் ரத்தம் வேணுமாக்கும்?"

"ஆராய்ச்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பேசாம கையைப் பிடிங்கக்கா."

ரத்தத்தில் ஊறிய முடிச்சை சவீவன் நகத்தாலேயே நெம்பினாள். அது அவிழ்ந்தது. அதே நூலைத் தளர்த்திக் கட்டினாள்.

தொங்பை கணவனின் கையை நீட்டிப் பிடித்தாள். "எடுத்துக்க தங்கச்சி. இன்னொருத்தி புருஷனுக்காவது ஆகட்டும்."