ரேடியோவின் மயில் உறை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் கல்யாணமாகி, சிங்கப்பூரிலிருந்து மலாக்கா காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் அவர், நான், ஒரு வால்வு ரேடியோ. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ரேடியோவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். அதன் மேல் எப்போதும் என் தங்கை தைத்துக் கொடுத்த வெல்வெட் உறை இருக்கும். உறையில் இரண்டு மயில்கள்; ஒன்றுக்குக் கழுத்து கோணல். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அவள் நினைப்பு வந்தால் அந்தக் கோணல் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுவேன். அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அரை மணி நேரம் பாடினால் போதும், ரேடியோ அடுப்பாகக் கொதிக்கும். குரல் கம்மி நின்றுவிடும்.

“செட்டு பழசு லா,” என்பார். ஆபீசில் கிராணி வேலை, கணக்கெழுதுவது. வீட்டிலும் பேச்சு அளந்துதான் வரும்.

ஒருநாள் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, சிங்கப்பூர் வானொலி மாதர் நிகழ்ச்சியில் அவள் தனியாகப் பாடுகிறாள். ஒரே ஒரு பாட்டு; ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எப்போது வரும் என்று தெரியாது. மறுபடி போடமாட்டார்கள். ஏழு மாதமாகக் கேட்காத குரல். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவர் மேசைக் காற்றாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாட்டு பாதியில நின்னுடக் கூடாதுல? காத்து வச்சு குளுமை பண்றேன்.”

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“காத்து பட்டா ஆறும். இதுல தெரியறதுக்கு என்னா இருக்கு?”

ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றினார். காற்றாடி கிட்டே வரவில்லை என்று அதன் கம்பிக் கூட்டையும் கழற்றினார். உறையை மட்டும் தொடவில்லை. சுவிட்சைப் போட்டார். ரேடியோவும் காற்றாடியும் இருந்த அலமாரியின் மேல்தட்டைக் காலையில்தான் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். காற்றாடி நடுங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. எட்டிப் பிடிப்பதற்குள் இறக்கை உள்ளே புகுந்துவிட்டது. படீர் என்று வால்வு சிதறியது.

மணி மூன்றரை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“கை சும்மா இருக்காதா உங்களுக்கு? என் தங்கச்சி குரல இப்ப யாரு குடுப்பா?”

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு எழுந்து, “வா,” என்றார்.

யாரிடமும் ஒரு கை உப்புகூடக் கேட்காத மனிதர், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அது சிட்டி குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிய தமிழ் வழியினர். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவர் தயங்கித் தயங்கி மலாயில் கேட்டார். அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

தங்கை பாடினாள். முதல் அடியில் குரல் நடுங்கியது, பிறகு நிமிர்ந்துகொண்டது. பாட்டு முடியும்வரை அழுதேன். ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்லத் தெரியாமல், உங்கள் ரேடியோவுக்கும் ஓர் உறை தைத்துத் தருகிறேன் என்று அரைகுறை மலாயில் சொன்னேன்.

“ஜாங்ஙான்! பானாஸ்!” என்று கையை ஆட்டினார் அந்த அம்மா. வேண்டாம், துணி போட்டு மூடினால் சூடு வெளியே போகாது, செட்டு கெட்டுவிடும் என்றார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “உறைனாலதான் சூடுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்ல?”

“எடுத்திருப்ப. அப்புறம் அழுகை வந்தா எதைத் தடவுவ?”

கல்யாணமாகி ஏழு மாதம் கழித்து, அந்த மனிதரை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது. அவர் சட்டைக் கையில் ஒரு கண்ணாடித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுத்தெருவென்றும் பார்க்காமல் அவரை நிறுத்தி, அதை எடுத்துவிட்டேன்.