நடுவர் அவர்களே

பாகப்பிரிவினையில் நிலத்துக்கு நடுவே வரப்புப் போட்டுவிட்டார்கள். போர்வெல் மோட்டாரை அப்படிப் பிரிக்க முடியவில்லை. அது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் இருந்தது. முறை வைத்து இறைத்தார்கள். பேச்சு மட்டும் நின்றுபோனது.

அந்த வருஷம் ஆற்றிலும் தண்ணீர் இல்லை. பொங்கலுக்குச் சற்று முன்னால், மின்சாரம் குறைவாக வந்த நேரத்தில் ஓடி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அந்தக் ‘காயில்’, கருகியது. அவர் வந்து கேட்கட்டும் என்று இவரும், இவர் வரட்டும் என்று அவரும் இருந்தார்கள். வரப்புக்கு இரண்டு பக்கமும் பால் பிடிக்கிற பயிர் வாடிக்கொண்டிருந்தது.

பொங்கலன்று இளைஞர் மன்றத்தார் பள்ளிக்கூடத் திடலில் பட்டிமன்றம் வைத்தார்கள். நாட்டின் நாளைய மின்சாரத்துக்கு நம்ப வேண்டியது அணு உலையா, காற்றும் வெயிலுமா என்பது தலைப்பு. அப்பாவும் பெரியப்பாவும் வேறு வேறு கட்சி மேடைகளில் பேசிப் பழகியவர்கள் என்பதால் எதிரெதிர் அணியில் போட்டுவிட்டார்கள். எந்தக் கட்சியிலும் இல்லாத உரக்கடை பாய்தான் நடுவர். நான் கூச்சத்தில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"காத்து நின்னா காத்தாடி நின்னுடும். பொழுது சாஞ்சா வெயிலும் போச்சு. அணு உலைதான் ராப்பகலா ஓடும், நடுவர் அவர்களே" என்றார் அப்பா.

"ஓடும். கெட்டுப்போனா யாரு பொறுப்பு? கழிவை எந்த ஊர்ல கொண்டுபோய்ப் பொதைப்பாங்க? இங்க ஒரு மோட்டார் கருகினதுக்கே கேக்க ஆள் இல்ல, நடுவர் அவர்களே" என்றார் பெரியப்பா.

கூட்டம் சிரித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வோல்டேஜ் இல்லாதப்ப யாரு முறையில ஓடுச்சு? அவங்களையே கேளுங்க, நடுவர் அவர்களே."

"எம் முறைலதான். இல்லேங்கல. வந்து ஒரு வார்த்த கேட்டா கடிச்சா தின்னுடுவேன்?" என்ற பெரியப்பா, கொஞ்சம் நிறுத்தி, "நடுவர் அவர்களே" என்று சேர்த்துக்கொண்டார்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "நாட்டுக்கு ரெண்டுமே வேணும். அதான் தீர்ப்பு. காலையில ரெண்டு பேரும் மோட்டாரக் கழட்டுங்க. கடை வண்டிய அனுப்புறேன்."

மறுநாள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பாபநாசத்தில் காயில் கட்டித் திரும்பும்வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தண்ணீர் பாய்ந்தது. பாதிப் பயிர் பிழைத்தது. அப்பா ஜெயிக்கவில்லையே என்ற வருத்தம்தான் எனக்கு.

அண்ணன் தம்பி பேச்சு அந்த மேடையோடு சரி. அடுத்த பொங்கலுக்கு மன்றத்துப் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். வயலிலிருந்து வந்து அசந்து படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். தலைப்பு என்னவென்று கேட்கவில்லை.

"அண்ணன் எந்தப் பக்கம்?" என்றார். சொன்னார்கள்.

"அப்ப என்னை எதிர்ப் பக்கம் போடுங்க."

இன்னுமா இவருக்குக் கோபம் தீரவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.