நூர்ஜஹான் அக்காவைப் பற்றி நான் எழுதிய வரி

போன மாதம் எங்கள் கே.கே. நகர் ரத்தப் பரிசோதனை மையத்துக்கு சூப்பர்வைசராகச் செந்திலைப் போட்டேன். கலகலப்பாகப் பேசுவான். பதவிக்கான பட்டியலில், அங்கேயே சீனியரான நூர்ஜஹான் அக்கா பெயருக்கு நேரே, "ரொம்ப அமைதி, தலைமைக்குச் சரிவராது" என்று எழுதினேன்.

இன்று காலை ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின் நின்றுவிட்டது. வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் கத்தினார்கள். செந்தில் பதிலுக்குக் கத்தினான்.

அக்கா ஒவ்வொருவரிடமும் போய், "ரத்தத்த இப்பவே எடுத்துருவோம், நீங்க போயி சாப்பிடுங்க. ரிசல்ட் சாயங்காலம் போன்ல வந்துரும்" என்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது.

"இம்புட்டு நல்லா சமாளிப்பீங்கன்னு தெரியாமப் போச்சேக்கா," என்றேன்.

"தெனமும் இதத்தான் சார் செய்யிறேன். நீங்க ரூமுக்குள்ள இருப்பீங்க."



சத்தத்தைத் தலைமை என்று நம்பிய மேனேஜர்கள் வேறு யாராவது இருந்தால் கமெண்டில் வாங்க. தனியாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது.