கோட்டுக்கு இடப்பக்கம்

ஆய்வுக்கூடத்து வெள்ளைப் பலகையில் அக்கா வரைந்த அந்த மணி வடிவக் கோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரே இழுப்பில் ஏறி, உச்சியில் வளைந்து, ஏறிய சாய்விலேயே இறங்கியது. இடது ஓரத்தில் மெலிந்து கிடந்த வாலை மேலாளர் பேனாவால் தொட்டுக்காட்டி, "இந்தப் பத்து சதவீதம் ஆட்கள் எனக்கு வேண்டாம். எந்த மார்க்குல வெட்டணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

ராஜபாளையத்தில் அந்த நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் அப்போது புதியவள். நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவர்தான் பிரிவின் பொறுப்பாளர். புள்ளியியலில் முதுகலை படித்தவர். தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மிக நலிந்த ஐந்து சதவீத நூல் எந்த வலிமைக்குக் கீழே விழும் என்று கண்டுபிடிப்பது எங்கள் அன்றாட வேலை. கோட்டுக்குக் கீழே அந்த ஐந்து சதவீதப் பரப்பு தெரியும், அது முடிகிற மதிப்பைத் தேட வேண்டும். அந்தப் பரப்புக்குரிய எண்ணை அட்டவணையில் எடுத்து, சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் பெருக்கி, சராசரியிலிருந்து கழித்தால் விடை. அக்காவுக்கு அட்டவணைகூட வேண்டாம்.

அந்த வருடம் மேலாளருக்கு இந்தக் கணக்கை ஆட்களுக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றிவிட்டது. இயந்திரங்களில் நின்ற பெண்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டிருந்தார்கள். சராசரி எழுபது, திட்ட விலக்கம் ஐந்து. அறுபத்து மூன்றரைக்குச் சற்று மேலே வெட்டலாம் என்று அக்கா உடனே சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

"நூலுக்கு இம்புட்டு வலு வேணும்னு மொதல்லயே அளவு வச்சிருக்கோம் சார். எல்லாம் அதத் தாண்டிருச்சுன்னா ஒண்ணையும் கழிக்கமாட்டோம். இங்க பத்துப் பேர்ல ஒருத்தி போகணும்னு முடிவு பண்ணிட்டு, அதுக்குத் தோதா மார்க்கத் தேடுதீக. அடுத்த வருசம் அம்புட்டுப் பேரும் நல்லா செஞ்சு சராசரி எம்பதுக்குப் போனாலும் அடியில பத்து சதவீதம் இருக்கத்தான செய்யும்? இன்னைக்கு எழுபது எடுத்துத் தப்பிச்சவ, பொறவு அதே எழுபதோட தெருவுல நிப்பா."

"நான் ஒரு நம்பர்தானே கேட்டேன்?"

"அந்த நம்பர நான் தரமாட்டேன் சார்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். தெரியாது என்றால் தப்பித்திருப்பேன். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அக்கா பக்கத்தில் நிற்கும்போது எனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியும் சார், சொல்லமாட்டேன்" என்றேன். 

அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, அடியில் வந்த பெண்களையும் வெளியே அனுப்பினார்கள். அக்கா அவர்களைத் திரட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தொழிலாளர் அலுவலர் முன்னால், இவர்கள் மதிப்பெண் குறைவு என்றது நிர்வாகம். "எந்த அளவைவிடக் குறைவு?" என்று கேட்டார் அலுவலர். மேலாளர் நீட்டிய தாளில் பத்து சதவீதம் என்று மட்டும்தான் இருந்தது, இவ்வளவு எடுக்க வேண்டும் என்ற அளவு எங்கும் இல்லை. 

பல மாத இழுபறிக்குப் பின் பெண்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள், அக்காவை மட்டும் சேர்க்க முடியாது என்றார்கள். பெண்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அக்காதான் அதட்டினார். "ஏட்டி, பேசாம போடுங்க. உள்ள ஆளு இருந்தாத்தான் அடுத்த தடவ கேக்க முடியும். எனக்கு வேல கெடைக்கும்."

கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா நிறுவனத்தில், வாங்குகிறவருக்கு டப்பாவில் எடை குறையாதபடி நிரப்பும் அளவை இப்போது அவர்தான் முடிவு செய்கிறார். மில் கதையைக் கேட்டால், "அவிய கேட்டாக, நான் மாட்டேன்னேன். அம்புட்டுத்தான்" என்பார்.

அந்த மேலாளர் போய் வெகுநாளாகிறது. கிடங்கிலிருந்து மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு வந்த எனக்குத்தான் இன்று பிரிவின் பொறுப்பு. போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் மடிக்கணினியைத் திறந்து, மதிப்பெண்ணில் அடியில் வந்து சிவப்பில் கிடந்த சில பெண்களின் பெயர்களைக் காட்டினார்.

"சிஸ்டமே எடுத்துக் கொடுத்திருச்சு மேடம். நீங்க ஓகே பண்ணா போதும்."

"சிஸ்டத்துக்குள்ள பத்து சதவீதம்னு போட்டது ஒரு ஆளுதான தம்பி? அவரை இங்க வரச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக முன்னால நின்னு அவரே சொல்லட்டும்."

 நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அவர் வர எம்புட்டு நேரமானாலும் சரி. நான் இங்கதான் இருப்பேன்."