டிஸ்ப்ளேயில் பிளஸ் மூன்று

கோயிலில் கீபோர்டு வாசிக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மாடல் வாங்கலாம் என்பதுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தைக் கேளுங்கள்.

நான் கேள்வி ஞானத்தில் வாசிக்கப் பழகியவன். சி மேஜர் தவிர வேறு ஸ்கேலில் விரல் ஓடாது. சுருதியை ஏற்றி இறக்க ட்ரான்ஸ்போஸ் பட்டன்தான் கதி. அதை அழுத்தினால் விரல் அதே கட்டைகளில் இருக்கும், சுருதி மட்டும் மாறும். திருச்சியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிறு ஆயர், அதாவது பிஷப், வந்திருந்தார். பூசைக்கு முன்னால் சிறுபிள்ளைகள் நன்றிப் பாட்டைப் பாடிப் பார்த்தார்கள். சின்னக் குரல்களுக்காகச் சுருதியை ஏற்றிப் பிளஸ் மூன்று வைத்தவன், திரும்ப ஜீரோவுக்குக் கொண்டுவர மறந்துபோனேன். வருகைப் பாடலில் குழு மொத்தமும் கத்தியது. ஆயர் வந்த உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பாவ அறிக்கை. கோயிலே மார்பில் தட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில் எனக்கு மட்டும் கை ஓயாது, அடுத்த பாட்டுக்கு ஸ்ட்ரிங்ஸ் வாய்ஸ், அதாவது வயலின் ஒலி, தேடிக்கொண்டிருப்பேன். பிறகு இரக்கப் பாடல். தனியாகப் பாடுபவர் ஸ்டெல்லா டீச்சர், எங்கள் குழுவின் முதல் குரல். மூன்றாவது ‘இரக்கமாயிரும்’ மேலே ஏறும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. மறுபடி முயன்றார், வெறும் காற்றுதான் வந்தது. மைக்கை இறக்கிவிட்டார். அப்போதுதான் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஜீரோ ஆக்கினேன்.

பூசை முடிந்ததும் குழுவை நடத்தும் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

“ஒழுங்கா பிராக்டிஸுக்கு வராம, ஆயர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்க டீச்சர்.”

“சுருதி மேல இருந்த மாதிரி இருந்துச்சு சார்,” என்றார் டீச்சர்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, சுருதி சரியாத்தானே இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான் சார்,” என்றேன்.

மறுவாரம் டீச்சர் குழுவுக்கு வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், உதடுகூட அசையவில்லை. இரக்கப் பாடலை வேறொருவர் பாட, நான் வாசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாட்டு நெருங்க நெருங்க என் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. தாங்காமல் ஃபாதரிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

“கடவுள்கிட்ட கேட்டுட்டீங்க. டீச்சர்கிட்ட கேட்டீங்களா?” என்றார் ஃபாதர்.

டீச்சருக்கு ஸ்ரீரங்கத்தில் வேலை. இரண்டு முறை ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை ஸ்கூல் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“என் குரல்தான் போயிடுச்சுன்னு நம்பிட்டேன் அண்ணே. வீட்லகூட பாடுறதில்ல,” என்றார். “நான் மன்னிச்சிட்டேன். ஆனா என்னைத் திட்டினது எல்லார் முன்னாடியும். நீங்க இங்க தனியா வந்து சொல்றீங்க.”

அந்தச் சனிக்கிழமை பிராக்டிஸில் குழு முன் எழுந்து நின்று சொன்னேன். மாஸ்டர் அங்கேயே டீச்சருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, அது நியாயம்தான்.

டீச்சர் திரும்பி வந்தார். மைக்கைப் பிடிக்குமுன் குனிந்து என் கீபோர்டைப் பார்த்தார்.

“ஜீரோதானே அண்ணே?”

“ஜீரோதான் டீச்சர்.”

மூன்றாவது ‘இரக்கமாயிரும்’ தடுமாறாமல் மேலே ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் குனிந்து பார்க்கிறார். மன்னித்த பிறகும் என்ன சந்தேகம் என்று முதலில் சுருக்கென்றது. இப்போது கீபோர்டையே அவர் பக்கம் சற்றுத் திருப்பி வைத்திருக்கிறேன். ஸ்ட்ரிங்ஸ் வாய்ஸைப் பூசைக்கு முன்பே வைத்துவிடுகிறேன். பாவ அறிக்கையின்போது என் கை மார்புக்குப் போகிறது.

எந்த மாடல் வேண்டுமானாலும் வாங்குங்கள். பாடுகிறவருக்கும் தெரிகிற அளவுக்கு டிஸ்ப்ளே பெரிதாக இருக்கட்டும்.